ஐந்து பேருக்கு மாதம் 20,200 ரூபாய்: பிள்ளைகளின் பாலையும் முட்டையையும் தொடாமல் உணவுச் செலவைக் குறைக்க முடியுமா?

வைகைக்கரை (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். நாங்கள் மதுரையில் பீபீகுளம் பக்கம் வாடகை வீட்டில் இருக்கிறோம். நானும் கணவரும், எட்டாம் வகுப்பிலும் ஐந்தாம் வகுப்பிலும் படிக்கும் இரண்டு பிள்ளைகளும், சர்க்கரை நோய்க்கு மாத்திரை எடுத்துக்கொள்ளும் மாமியாருமாக ஐந்து பேர். கணவரின் சம்பளம் மட்டுமே வருமானம். மூத்தவளை வரும் ஆண்டு வேறு பள்ளியில் சேர்க்க வேண்டியிருப்பதால், மாதந்தோறும் நான்காயிரம் ரூபாயாவது தனியாக எடுத்து வைக்க நினைக்கிறேன். வாடகையையும் பள்ளிக் கட்டணத்தையும் என்னால் மாற்ற இயலாது. சமையலறைச் செலவு ஒன்றுதான் என் பொறுப்பில் இருக்கிறது. ஆகவே மூன்று மாதங்களாக உணவுக்குச் செலவாகும் ஒவ்வொரு ரூபாயையும் எழுதி வருகிறேன்.

சமையல் எரிவாயுவைச் சேர்க்காமல் கடந்த மாதக் கணக்கு இது: மளிகை 5,600, அரிசி 1,650, காய்கறியும் பழமும் 3,200, பால் 2,160, முட்டை 540, இறைச்சியும் மீனும் 2,400, ஓட்டலில் வாங்கியவை 2,900, தெருமுனைக் கடையில் அவ்வப்போது வாங்கிய சில்லறைச் சாமான் 1,750. மொத்தம் 20,200 ரூபாய்.

நாளொன்றுக்கு ஒன்றரை லிட்டராக இருக்கும் பாலை ஒரு லிட்டராக்குவது, முட்டையை வாரத்துக்கு இரண்டு நாள் என்று குறைப்பது, சாம்பாருக்குப் போடும் துவரம் பருப்பைப் பாதியாக்குவது, மலிவான அரிசிக்கு மாறுவது என்று ஒரு திட்டம் வைத்திருந்தேன். இவை எல்லாவற்றையும் செய்தாலும் 1,500 ரூபாய்க்கு மேல் மிஞ்சாது என்று தெரிகிறது. அதற்குள் மாமியார், "வளர்கிற பிள்ளைகளின் வாயைக் கட்டி மிச்சம் பிடிக்காதே, வேறு வழி பார்" என்று சொல்லிவிட்டார். அவர் சொல்வது சரி என்றே எனக்கும் படுகிறது. ஆனால் அந்த வேறு வழி எது என்பதுதான் புலப்படவில்லை. அனுபவம் உள்ளவர்கள் இந்தக் கணக்கைப் பார்த்து வழி சொன்னால் நன்றியுடன் இருப்பேன்.

நாட்குறிப்பு

வணக்கம் அம்மா. முப்பது ஆண்டுகளுக்கு மேலாக வீட்டுக் கணக்கு எழுதுகிறவள் என்ற உரிமையில் சொல்கிறேன். நீங்கள் எழுதி வைத்திருக்கும் கணக்கிலேயே உங்கள் கேள்விக்கு விடை இருக்கிறது. ஆனால் நீங்கள் கண்ணில் படுகிற பாலையும் முட்டையையும் பிடித்துக்கொண்டு, மற்ற இரண்டு வரிகளைப் படிக்காமல் கடந்துவிட்டீர்கள்.

பாலும் முட்டையும் சேர்ந்து 2,700 ரூபாய். மொத்தச் செலவில் ஏறத்தாழ 13 சதவீதம். ஓட்டலும் சில்லறைச் சாமானும் சேர்ந்து 4,650 ரூபாய்; அது 23 சதவீதம். முதல் தொகையால் ஐந்து பேரும் முப்பது நாளும் உடம்பில் ஒட்டுகிற உணவைச் சாப்பிடுகிறீர்கள். இரண்டாவது தொகையால் என்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்டால் உங்களுக்கே உடனடியாகச் சொல்ல வராது. "சில்லறை" என்று ஒரே தலைப்பில் எழுதுவது நானும் பல ஆண்டுகள் செய்த தவறு. எதை எழுதக் கூசுகிறோமோ, எது எழுத மறந்துபோகும் அளவுக்குச் சிறியதோ, அதெல்லாம் அந்தத் தலைப்பின்கீழ் போய் உட்கார்ந்துகொள்ளும். இட்லி மாவு, தயிர், பிஸ்கட், அவசரத்துக்கு அரை மூடித் தேங்காய் என்று அந்த 1,750 ரூபாயைப் பிரித்து எழுதுங்கள். ஓட்டல் செலவையும், ஆசைப்பட்டு வாங்கியது எவ்வளவு, சமைக்க இயலாத களைப்பில் வாங்கியது எவ்வளவு என்று இரண்டாகப் பிரியுங்கள். இரண்டுக்கும் மருந்து வேறு.

குடும்ப அட்டை எந்த வகை, அதில் என்னென்ன வாங்குகிறீர்கள் என்பதையும் சொல்லுங்கள். கணக்கில் அதைப் பற்றி ஒரு வரிகூட இல்லையே.

வைகைக்கரை

அம்மா, பிரித்துப் பார்த்தேன். பார்த்த பிறகு நேற்றிரவு வெகுநேரம் தூக்கம் வரவில்லை.

சில்லறைச் சாமானில் இட்லி மாவுப் பாக்கெட் பதினைந்து, ஒன்று 50 ரூபாய் வீதம் 750. தயிர்ப் பாக்கெட் 300. பிள்ளைகளுக்குப் பிஸ்கட்டும் சிப்ஸும் 500. கொத்தமல்லி, தேங்காய் போன்றவை 200. ஓட்டல் செலவில், ஞாயிறு இரவு புரோட்டாவும் பிரியாணியுமாகச் செயலி வழியே வரவழைத்தது நான்கு முறை, 1,800. மீதி 1,100 ரூபாய், நான் பிள்ளைகளை வகுப்புக்கு அழைத்துப்போய்விட்டு நேரங்கழித்து வந்த நாள்களில் வாங்கிய இரவு டிபன்.

எங்களுடையது அரிசி அட்டைதான். சர்க்கரை மட்டும் வாங்குவோம். பருப்பு, பாமாயில், அரிசி எதையும் வாங்கும் பழக்கம் இல்லை. வரிசையில் நிற்க நேரமில்லை என்று காரணம் சொல்லிக்கொள்வேன். அக்கம்பக்கத்தில் யாரும் வாங்காதபோது நாம் மட்டும் பையைத் தூக்கிக்கொண்டு போவதா என்ற தயக்கமும் உள்ளுக்குள் இருந்தது. அதை இங்கே ஒப்புக்கொள்கிறேன்.

அட்டைதாரர்

சகோதரி, தயக்கத்தை வெளிப்படையாகச் சொன்னதற்கு முதலில் நன்றி. தமிழ்நாட்டில் பொது விநியோகத் திட்டம் ஏழைகளுக்கு மட்டும் என்று பிரித்து நடத்தப்படுவதில்லை. அரிசி அட்டை வைத்திருக்கும் எல்லாக் குடும்பங்களுக்கும் உரியது. நாட்டின் பல மாநிலங்களில் இந்த நிலை இல்லை. 2011 ஜூன் முதல் அரிசி விலையில்லாமல் தரப்படுகிறது. சிறப்புப் பொது விநியோகத் திட்டத்தின்கீழ் துவரம் பருப்பு கிலோ 30 ரூபாய்க்கும் பாமாயில் லிட்டர் 25 ரூபாய்க்கும் கிடைக்கின்றன. வெளியில் நீங்கள் வாங்கும் துவரம் பருப்பின் விலையிலிருந்து முப்பதைக் கழித்துப் பாருங்கள். அந்த ஒரு கிலோவில் மட்டுமே நூறு ரூபாய்க்குக் குறையாமல் நிற்கும். அது உங்களுக்கு உரியது. யாருடைய பங்கையும் நீங்கள் பறிக்கவில்லை.

அரிசியைச் சோறாக்கிச் சாப்பிட உங்கள் வீட்டில் எல்லோருக்கும் பிடிக்காமல் போகலாம். அதைக் கட்டாயப்படுத்தி வீட்டில் மனத்தாங்கல் ஏற்படுத்திக்கொள்ள வேண்டாம். ரேஷன் புழுங்கல் அரிசியை இட்லி, தோசை மாவுக்கும், பச்சரிசி கிடைக்கும் மாதத்தில் அதைக் கழுவி நிழலில் உலர்த்தித் திரித்துப் புட்டு, இடியாப்பம், கொழுக்கட்டைக்கும் ஒதுக்கிவிடுங்கள். நல்ல இட்லி அரிசி ஒரு கிலோ 45 ரூபாய், கால் கிலோ உளுந்து 35 ரூபாய், வெந்தயத்துக்கும் மின்சாரத்துக்கும் ஐந்து ரூபாய் என்று வைத்துக்கொண்டால் 85 ரூபாயில் ஏறத்தாழ மூன்று கிலோ மாவு கிடைக்கும். கடையில் அதற்கு நீங்கள் 150 ரூபாய் கொடுக்கிறீர்கள். அரிசியும் ரேஷன் அரிசியாக இருந்தால் மூன்று கிலோ மாவு 40 ரூபாய்க்குள் முடிந்துவிடும்.

அரிசியைக் கழுவும்போது சற்று மஞ்சளாகவும் மற்ற மணிகளிலிருந்து வேறுபட்டும் சில மணிகள் மிதக்கக்கூடும். பிளாஸ்டிக் அரிசி என்று பயந்து பலர் பொறுக்கி எறிகிறார்கள். அவை அரிசி மாவுடன் இரும்புச் சத்து, ஃபோலிக் அமிலம், வைட்டமின் பி12 ஆகியவற்றைச் சேர்த்துச் செய்த மணிகள். நூறு மணிக்கு ஒரு மணி என்ற விகிதத்தில் கலக்கப்பட்டவை. அவற்றை எறிய வேண்டாம்.

பாமாயிலைப் பற்றி ஒரு வார்த்தை. அதில் உறையும் கொழுப்பு மிகுதி என்பதால் அன்றாடத் தாளிப்புக்குப் பயன்படுத்தாமல், எப்போதாவது வடை, அப்பளம் பொரிப்பதற்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். மாமியாரின் உடல்நிலையை நினைத்துத்தான் சொல்கிறேன்.

மளிகைக்காரர் மகன்

என் தந்தையார் கீழமாசி வீதியில் மளிகைக் கடை ஒன்றில் நாற்பது ஆண்டுகள் வேலை பார்த்தார். பள்ளி விடுமுறைகளில் நானும் அங்கே பொட்டலம் மடித்தவன். உங்கள் 5,600 ரூபாய் மளிகையைப் பற்றி மட்டும் சொல்கிறேன். சற்று நீளமாக இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலாவது, எடை. ஒரு லிட்டர் சமையல் எண்ணெயின் எடை சுமார் 910 கிராம். முன்பெல்லாம் பாக்கெட் என்றால் ஒரு லிட்டர் அல்லது அரை லிட்டர்தான் என்ற உறுதி இருந்தது. இப்போது 800 கிராம், 850 கிராம் என்று பார்வைக்கு அதே உயரத்தில் பாக்கெட்டுகள் வருகின்றன. 910 கிராம் பாக்கெட் 150 ரூபாய், பக்கத்தில் 800 கிராம் பாக்கெட் 138 ரூபாய் என்றால், கை தானாகவே 138 ரூபாய்ப் பாக்கெட்டுக்குத்தான் போகும். நூறு கிராமுக்குக் கணக்கிட்டால் முதலாவது ஏறத்தாழ பதினாறரை ரூபாய், இரண்டாவது பதினேழேகால் ரூபாய். இந்தக் கணக்கை மனத்தால் போட வேண்டியதில்லை. ஒரு கிராமுக்கோ ஒரு கிலோவுக்கோ என்ன விலை என்பதையும் பாக்கெட்டில் அச்சிட வேண்டும் என்பது சட்டம். எழுத்து பொடியாக இருக்கும். அதிகபட்ச விலைக்கு அருகில் தேடுங்கள். பிஸ்கட், சோப்பு, தேயிலைத்தூள் எல்லாவற்றுக்கும் இது பொருந்தும். குறிப்பாகப் பத்து ரூபாய்ப் பாக்கெட்டுகளில் விலை அப்படியே இருக்க, உள்ளே இருக்கும் கிராம்தான் ஆண்டுதோறும் இறங்கிக்கொண்டு வருகிறது.

இரண்டாவது, அரிசி மூட்டை. கடைகளில் 26 கிலோ மூட்டை என்று ஏன் ஒரு விசித்திரமான அளவு இருக்கிறது என்று பலர் கேட்பதுண்டு. 2022 ஜூலை 18 முதல், 25 கிலோ வரை முன்கூட்டியே அடைத்துப் பெயரச்சிட்டு விற்கும் அரிசிக்கும் பருப்புக்கும் ஐந்து சதவீதச் சரக்கு சேவை வரி விதிக்கப்பட்டது. அதைத் தாண்டிய மூட்டைக்கு வரி இல்லை. ஆகவே ஆலைக்காரர்கள் ஒரு கிலோ கூட்டி அடைத்தார்கள். ஐந்து கிலோ, பத்து கிலோ பையாக வாங்குகிறவர் இந்த வரியையும் சேர்த்தே கொடுக்கிறார். திறந்த மூட்டையிலிருந்து நிறுத்துத் தரும் சில்லறைக்கு இந்த வரி கிடையாது. நீங்கள் மூட்டையாகத்தான் வாங்குகிறீர்கள் என்று 1,650 ரூபாயைப் பார்த்து ஊகிக்கிறேன். அதை மாற்ற வேண்டாம், மலிவு அரிசிக்கும் போக வேண்டாம். ஓராண்டு பழைய அரிசி ஒரு படிக்குத் தரும் சோறு, தையில் அறுத்து மாசியில் வரும் புது அரிசியைவிடக் கூடுதல். விலையில் இரண்டு ரூபாய் குறைவு என்று புது அரிசியை வாங்கினால் குழைந்துபோவதோடு சீக்கிரமும் தீரும்.

மூன்றாவது, தரம் பிரித்து வாங்குவது. இட்லிக்கு முழு உளுந்து வேண்டும், அதில் சிக்கனம் பார்க்காதீர்கள், மாவு காணாது. தாளிப்புக்கும் இட்லிப் பொடிக்கும் உடைத்த உளுந்து போதும். பாயசத்துக்கு முழு முந்திரி தேவையில்லை, உடைத்த முந்திரி விலை நன்றாகக் குறையும், ருசி ஒன்றுதான். மஞ்சள், மல்லி, மிளகாயை முழுதாக வாங்கி ஆலையில் அரைத்துவிட்டால், சாம்பார்ப்பொடி, குழம்புப்பொடி, ரசப்பொடி என்று தனித்தனிப் பாக்கெட் வாங்கும் செலவு பாதிக்கும் கீழே போய்விடும்.

நான்காவதுதான் என் தந்தையார் எப்போதும் சொல்வது: வரத்துக் காலத்தில் வாங்கு. மாசி, பங்குனியில் புதுப்புளி வரும். அதே காலத்தில் ராமநாதபுரம் குண்டு மிளகாய் வரத்தும் தொடங்கும். தை, மாசியில் புதுத் துவரை சந்தைக்கு வந்துவிடும். விருதுநகர்ச் சந்தை நிலவரம் செய்தித்தாள்களில் வருவதைக் கவனித்து வந்தால் ஏறுமுகமா இறங்குமுகமா என்பது பிடிபடும். புளியையும் மிளகாயையும் ஓராண்டுக்கு வாங்கி, சித்திரை வெயிலில் நன்றாகக் காயவைத்து, புளியைக் கொட்டை நீக்கிக் கல்லுப்போடு மண்பானையிலோ பீங்கான் ஜாடியிலோ வைத்துவிடுங்கள். துவரம் பருப்பை நான்கு மாதத்துக்கு வாங்குவதானால் கிலோவுக்கு ஒரு தேக்கரண்டி விளக்கெண்ணெய் தடவி, வெயில் காட்டி, ஆறிய பிறகு காற்றுப் புகாத டப்பாவில் அடைக்க வேண்டும். சூடு ஆறாமல் மூடினால் வியர்த்துப் பூசணம் பிடிக்கும்.

காலைச்சந்தை

மளிகைக்காரர் மகன் சொன்னவற்றில் எடை, வரி, தரம் ஆகிய மூன்றையும் முழுமனத்தோடு ஏற்கிறேன். நான்காவதில் எனக்குக் கருத்து வேறுபாடு உண்டு. வாடகை வீட்டில் மொட்டை மாடி நமக்கு உரியதாக இருப்பதில்லை. வெயிலில் காயவைக்க இடமும், காவலுக்கு ஆளும் வேண்டும். ஒரே மாதத்தில் ஓராண்டுப் பொருளை வாங்கினால் அந்த மாதக் கையிருப்பு கரைந்து, பிறகு கடன் அட்டையைத் தேய்க்க வேண்டியிருக்கும். டப்பா நிறைய இருக்கும்போது கையும் தாராளமாகிவிடுகிறது. சகோதரி முதல் ஆண்டு புளியை மட்டும் இப்படி வாங்கிப் பார்த்துவிட்டு, பிறகு மற்றவற்றுக்குப் போகலாம் என்பது என் எண்ணம்.

காய்கறிக்கு வருகிறேன். நீங்கள் இருப்பது மதுரை. உழவர் சந்தை என்ற அமைப்பே 1999 நவம்பர் 14 அன்று உங்கள் ஊர் அண்ணா நகரில்தான் தொடங்கியது. உங்கள் வீட்டுக்கு அருகில் சொக்கிகுளத்திலும் ஓர் உழவர் சந்தை இருக்கிறது. மொத்த விற்பனை விலையைவிட ஏறத்தாழ 20 சதவீதம் கூடுதலாகவும், வெளிச் சில்லறை விலையைவிட 15 சதவீதம் குறைவாகவும் இருக்கும்படி நாள்தோறும் விலை முடிவு செய்து பலகையில் எழுதுகிறார்கள். இடைத்தரகர் இல்லாததால் உழவருக்கும் கூடுதலாகக் கிடைக்கிறது. வாங்கும் நமக்கும் குறைகிறது. மாதம் 3,200 ரூபாய்க் காய்கறியைத் தெருவண்டியில் வாங்கிக்கொண்டிருந்தால், வாரம் இரண்டு நாள் விடியலில் அங்கே போய்வருவதே ஐந்நூறு ரூபாய் மதிப்புள்ள நடை. கடைசி நேரத்தில் போனால் இன்னும் மலிவாகக் கிடைக்கும் என்று சிலர் சொல்வார்கள். அந்த நேரத்தில் எஞ்சியிருப்பது வாடியதும் அடிபட்டதும்தான். மறுநாளே குப்பைக்குப் போகிற காய்க்கு எந்த விலையும் அதிகம்தான்.

வாங்கிய காயைச் சமைக்கும் வரிசையில்தான் பெரும்பாலான வீடுகளில் காசு வீணாகிறது என்பேன். கீரையும் வாழைப்பூவும் அன்றே, வெண்டையும் பீன்ஸும் அடுத்த இரண்டு நாளில், கத்தரியும் கோஸும் அதற்கடுத்து, சேனை, சேப்பங்கிழங்கு, பூசணி எல்லாம் வாரக் கடைசியில் என்று வைத்துக்கொண்டால், குளிர்பெட்டியின் அடித்தட்டில் அழுகிக் கிடக்கும் காய் என்ற ஒன்றே இருக்காது. என் வீட்டில் இரண்டு வாரம் எறிந்த காய்களை நிறுத்துப் பார்த்தேன். மூன்றரைக் கிலோ இருந்தது. அன்றிலிருந்துதான் இந்த வரிசை.

தக்காளியைப் பற்றியும் சொல்ல வேண்டும். 2023 ஜூலையில் தக்காளி கிலோ நூறு ரூபாயைத் தாண்டியபோது அரசே ரேஷன் கடைகளில் 60 ரூபாய்க்கு விற்க நேர்ந்தது. ஆனியிலும் ஐப்பசி மழையிலும் இப்படி ஏறுவது அடிக்கடி நடப்பதுதான். தக்காளி இல்லாமலே நிறைவாகச் சாப்பிட நம் சமையலில் இடம் இருக்கிறது. மோர்க்குழம்பு, வற்றல் குழம்பு, எலுமிச்சை ரசம், புளிச்சகீரைக் கடைசல், கோடையில் மாங்காய்ச் சாம்பார் எதற்கும் தக்காளி தேவையில்லை. விலை ஏறிய வாரத்தில் அரைக் கிலோ, கால் கிலோ என்று வாங்கிக்கொண்டு வருந்துவதைவிட, அந்த வாரச் சமையலையே மாற்றிவிடலாம். சித்திரையில் கொத்தவரையும் மலிந்த கத்தரியும் நறுக்கி வற்றல் போட்டுவைத்தால் மழைக்காலத்தில் கைகொடுக்கும். இதற்கு மட்டும் ஒரு நாற்காலி அகல வெயில் போதும்.

மீன் வாங்கும்போது நாள்காட்டியைப் பாருங்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் கிழக்குக் கடற்கரையில் விசைப்படகுகளுக்குத் தடை. கடல்மீன் விலை ஏறியே இருக்கும். அப்போது கட்லாவும் ஜிலேபிக் கெண்டையும் வாங்கலாம். மற்ற மாதங்களில் மத்தி வரத்து நன்றாக இருக்கும் நாளில் அதைவிட மலிவான, சத்தான மீன் இல்லை.

சத்துக்கணக்கு

சுருக்கமாக ஒன்று மட்டும். ஒரு ரூபாய்க்கு எத்தனை கிராம் புரதம் என்று கணக்கிட்டால், எதைக் குறைக்கக் கூடாது என்பது தெளிவாகும். கிலோ 140 ரூபாய் என்று கொண்டால் நிலக்கடலையில் ரூபாய்க்கு ஏறத்தாழ 1.8 கிராம், துவரம் பருப்பில் 1.6 கிராம். ஆறு ரூபாய் முட்டையில் ஆறு கிராம் புரதம் இருப்பதால் ரூபாய்க்கு ஒரு கிராம். பாலில் ரூபாய்க்கு 0.7 கிராம், சுண்ணாம்புச் சத்தும் சேர்த்து வருவதால் அதற்கு மதிப்பு கூடுதல். கிலோ 900 ரூபாய் ஆட்டிறைச்சியில் ரூபாய்க்கு 0.2 கிராம்தான். நீங்கள் குறைக்க நினைத்த பருப்பும் முட்டையும் பட்டியலின் மேற்பகுதியில் இருக்கின்றன. ஆட்டிறைச்சியை நிறுத்தச் சொல்லவில்லை. மாதம் நான்கு ஞாயிறு என்பதை இரண்டாக்கி, மற்ற இரண்டில் மீனோ முட்டைக் குழம்போ வைக்கலாம். பிஸ்கட்டும் சிப்ஸுமான அந்த 500 ரூபாயில் கடலை உருண்டையும், வாரத்தில் மூன்று நாள் சுண்டலும் செய்தாலும் பாதிப் பணம் மிஞ்சும். மாமியாருக்கும் கொள்ளு, தட்டைப்பயறு, கொண்டைக்கடலைச் சுண்டல் பிஸ்கட்டைவிட நல்லது.

நாட்குறிப்பு

பிரித்து எழுதியதற்கு மகிழ்ச்சி அம்மா. தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ளாதீர்கள், எழுதாமல் இருக்கிற வீடுகளில் இதைவிடக் கூடுதலாகவே போய்க்கொண்டிருக்கும்.

களைப்பில் வாங்கிய 1,100 ரூபாயை மனவுறுதியால் நிறுத்த இயலாது, ஏனென்றால் களைப்பு உண்மையானது. அந்த நாள்களுக்கென்று மாவும் ஒரு தொக்கும் குளிர்பெட்டியில் எப்போதும் இருக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள். தோசைக்கல் சூடாகிற நேரத்துக்குள் இரவு உணவு முடிந்துவிடும். புளிக்காய்ச்சலும் அப்படித்தான், இரண்டு வாரம் கெடாது. ஞாயிறு புரோட்டாவை முழுதாக நிறுத்தினால் பிள்ளைகளுக்கு ஏக்கம் வரும். மாதம் இரண்டு முறை என்று வைத்துக்கொண்டு, செயலியில் வரவழைக்காமல் உங்கள் கணவரே தூக்குவாளியோடு போய் வாங்கிவரட்டும். செயலியில் பல ஓட்டல்கள் பதார்த்தத்தின் விலையையே கூட்டி வைக்கின்றன. பொதி கட்டும் கட்டணமும் கொண்டுவந்து தரும் கட்டணமும் அதற்குமேல்.

ஒன்றரை லிட்டர் பால் வரும் வீட்டில் தயிருக்கு 300 ரூபாய் போக வேண்டியதில்லை. இரவில் கால் லிட்டர் பாலை உறை ஊற்றுங்கள். ஆவின் பாலை மாத அட்டையில் வாங்கினால் அன்றாட விலையைவிடக் குறைவு. உங்கள் பகுதியில் விசாரியுங்கள்.

வைகைக்கரை (இரண்டு மாதங்களுக்குப் பிறகு)

வழி சொன்ன எல்லோருக்கும் என் மனமார்ந்த நன்றி. கணக்கை அப்படியே தருகிறேன். மளிகை 5,300, அரிசி 1,250, காய்கறியும் பழமும் 2,900, பால் 2,160, முட்டை 540, இறைச்சியும் மீனும் 2,300, ஓட்டல் 1,400, சில்லறை 600. மொத்தம் 16,450 ரூபாய். நான் எண்ணியதற்கு 250 ரூபாய்தான் குறைகிறது. பாலிலும் முட்டையிலும் ஒரு ரூபாய்கூடக் குறைக்கவில்லை.

நன்றாக நடந்தவை: ரேஷன் பருப்பும், வீட்டு மாவும், வீட்டுத் தயிரும். சொக்கிகுளம் சந்தைக்கு வாரத்தில் ஒரு நாள்தான் போக முடிகிறது. காலை ஆறரைக்குள் போனால் கீரை நன்றாக இருக்கிறது. அங்கே நேரில் விளைவித்தவரிடமே பேசி வாங்குவதால், எந்தக் காய் அடுத்த வாரம் மலியும் என்பதையும் அவர்களே சொல்லிவிடுகிறார்கள். மளிகை அதிகம் குறையாததற்குக் காரணம், புளியோடு நிறுத்தாமல் மிளகாயும் வாங்கியதுதான். அடுத்த மாதங்களில் அந்தத் தொகை இறங்கும் என்று நினைக்கிறேன். நடக்காதது ஆட்டிறைச்சி, ஒரு ஞாயிறு குறைத்ததற்கே கணவர் முகம் வாடிவிட்டது, ஆகவே மூன்று ஞாயிறோடு நிறுத்திக்கொண்டேன். ரேஷன் அரிசிச் சோறு மாமியாருக்கு ஒத்துவரவில்லை. பிள்ளைகளுக்கும் எனக்கும் வாரத்தில் இரண்டு நாள் அதில் எலுமிச்சைச் சாதமோ தக்காளிச் சாதமோ செய்துவிடுவதால், 26 கிலோ மூட்டை நாற்பது நாள் வருகிறது.

ஒரே ஒரு சந்தேகம். ரேஷன் அரிசியில் அரைத்த மாவில் தோசை மொறுமொறுப்பாக வருகிறது, ஆனால் இட்லி சப்பையாகவும் கெட்டியாகவும் இருக்கிறது. நான்குக்கு ஒன்று என்றுதான் உளுந்து போடுகிறேன். எங்கே தவறு?

அட்டைதாரர்

தவறு விகிதத்தில் இல்லை சகோதரி. அரிசியை ஐந்தாறு முறை, தண்ணீர் தெளியும்வரை கழுவிவிட்டு ஐந்து மணி நேரமாவது ஊறவிடுங்கள். உளுந்துக்கு ஒரு மணி நேரம் போதும். உளுந்தைத் தனியாக, குளிர்ந்த நீரைத் தெளித்துத் தெளித்து, பந்துபோல் எழும்பும்வரை அரைத்து எடுத்த பிறகுதான் அரிசியைப் போட வேண்டும்; அரிசி ரவைப் பதத்தில் இருந்தால் போதும், மைய அரைத்தால்தான் இட்லி கெட்டிப்படும். ஊறவைக்கும்போது ஒரு கைப்பிடி அவலும் ஒரு தேக்கரண்டி வெந்தயமும் சேருங்கள். முதல் இரண்டு முறை ரேஷன் அரிசி பாதி, கடை இட்லி அரிசி பாதி என்று கலந்து அரைத்துப் பார்த்து, பதம் கைக்கு வந்த பிறகு கடை அரிசியைக் குறைத்துக்கொண்டே வாருங்கள். எங்கள் வீட்டில் இப்போது நான்கு பங்கில் மூன்று பங்கு ரேஷன் அரிசிதான்.